லாரியில் ஏறிய மேல்மண்

தெருவில் அவளுக்குத் ‘திடுக்’ என்று பெயர். பின்னாலிருந்து யாராவது “அக்கா” என்று கூப்பிட்டால் போதும், தூக்கிவாரிப் போடும். போன் அடித்தால் திடுக், பால் பொங்கினால் திடுக். தபால்காரர் வாசலில் சைக்கிளை நிறுத்தினால், கடிதம் கைக்கு வருவதற்கு முன்பே முகம் வெளிறிவிடும். அவள் கணவன் லாரி ஓட்டுநர், வாய் ஓயாதவன். “அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்னு சொல்வாங்க. என் வீட்டுக்காரிக்கு வெளிச்சத்துலயே பேய் தெரியும்” என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான். அவளும் சிரிப்பாள். சிரித்துக்கொண்டே, இன்று அவன் போகிற சாலையில் பாலம் நல்லபடி இருக்குமா என்று நினைப்பாள்.

இப்படிப்பட்டவளுக்குக் கிடைத்த வேலையோ, நாளெல்லாம் அதிர்கிற வேலை. நெடுஞ்சாலையிலிருந்து செங்கல் சூளைகளுக்குக் கிளைச்சாலை பிரியும் இடத்தில் ஒரு எடைமேடை இருந்தது. தகரக் கூரை போட்ட சின்ன அறை, தூசி படிந்த கண்ணாடி ஜன்னல், சிவப்பு எண்கள் ஓடும் ஒரு பெட்டி, சீட்டைக் கக்கும் ஒரு மெஷின். பாரம் ஏற்றிய லாரி மேடையில் ஏறும்போது இரும்புத் தகடு முனகும், மேசை ஆடும், டம்ளரில் தண்ணீர் தளும்பும். எத்தனையோ வருடமாக அங்கே உட்கார்ந்தும், ஒவ்வொரு லாரிக்கும் அவள் நெஞ்சு ஒருமுறை நின்றுதான் ஓடியது. மேடை, அந்த வட்டாரத்திலேயே பெரிய சூளைக்காரருக்குச் சொந்தம். சம்பளமும் அவர் கையிலிருந்துதான்.

செங்கலுக்கு நல்ல மண் வேண்டும். நல்ல மண் வயலின் மேல்தோலில் இருக்கிறது. “ஒரு அடி மண்ணுதானே கேக்கறேன், நிலம் எங்கயும் ஓடிடாதே?” என்று சூளைக்காரர் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசினார். அவள் கணவனும் கொழுந்தனும் கொடுத்தார்கள். அக்கம்பக்கத்து வயல்காரர்கள் எல்லாருமே கொடுத்தார்கள். ஒரு அடி என்பது முழங்காலாகி, இடுப்பாகி, கடைசியில் வரப்புகள் மட்டும் சுவர் மாதிரி நிற்க, வயல்கள் வெறும் குழிகளாகிவிட்டன. அந்த மண் முழுவதும் இவள் கண் முன்னால், இவள் பொத்தானை அழுத்தித்தான் எடை போடப்பட்டுப் போனது. தன் வீட்டு நிலம் லாரி லாரியாகத் தன்னைத் தாண்டிப் போவதைப் பார்த்துச் சீட்டுக் கிழித்துக் கொடுத்த பெண் அவள்.

அப்புறம் அங்கே எதுவும் விளையவில்லை. மழை பெய்தால் தண்ணீர் வெளுத்துப்போய்த் தேங்கும், காய்ந்தால் தரை ஓடு மாதிரி வெடிக்கும். விதைத்தது இரண்டு விரல் உயரம் வந்து, மஞ்சளாகி, சுருண்டுவிடும்.

அந்தச் சமயத்தில்தான் நிதிக்காரர்கள் வந்தார்கள். பள்ளிக்கூடத்து அறையில் கூட்டம் போட்டார்கள். பேச வந்தவள் சின்ன வயதுப் பெண், ஆய்வாளர். குழந்தைகள் உட்காரும் பெஞ்சில் முழங்காலை மடக்க இடமில்லாமல் உட்கார்ந்திருந்த பெரியவர்களுக்கு, அவள் சுவரில் ஒரு உலகப் படத்தைக் காட்டினாள். படம் முழுக்கப் புள்ளிகள்.

“இதெல்லாம் உங்க நிலம் மாதிரியே கெட்டுப்போன நிலம். சில இடத்துல உப்பு ஏறினது, சில இடத்துல காத்து மண்ணை வாரிட்டுப் போனது. எங்கெங்கயோ இருக்கற பேங்குகளும், வேலை பாக்கற ஜனங்களோட ஓய்வூதியப் பணமும் சேர்ந்து ஒரு பெரிய நிதி. அதுல இருந்து வருஷா வருஷம் உங்களுக்குப் பணம் வரும். நீங்க மண்ணைத் தேத்தணும். நிலம் தேறி விளைஞ்சா, விளைச்சல்ல ஒரு பங்கு அவங்களுக்குத் திரும்பிப் போகும். நீங்க உழைச்சும் தேறலன்னா அது அவங்க நட்டம், உங்ககிட்ட கேக்க மாட்டாங்க.”

“எங்க ஊரு எங்க இருக்கு இதுல?” என்று ஒருவர் கேட்டார்.

ஆய்வாளர் காட்டினாள். கடுகை விடச் சின்னது.

ஒரே ஒரு நிபந்தனை. அடுத்தடுத்து இருக்கிற அத்தனை வயலும் ஒரே தொகுதி. அதில் யாராவது ஒருவர் மறுபடி மண்ணை விற்றால், மொத்தத் தொகுதியும் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும். இதற்கெல்லாம் பதில் சொல்ல ஒரு தலைவர் வேண்டும். “யாரு வர்றீங்க?” என்று கேட்டதும், அறையில் இருந்த அத்தனை பேரும் தங்கள் நகத்தை ஆராய்ச்சி செய்ய ஆரம்பித்தார்கள். ஆய்வாளரின் கண் தற்செயலாக இவள் மேல் விழுந்தது. “நீங்க?” என்றாள். திடுக்கிட்டுப் போனவள் வாயிலிருந்து “சரி” என்று வந்துவிட்டது.

“மாட்டேன்னு சொல்லப் பயந்துக்கிட்டுத் தலைவியானவ உலகத்துலயே நீ ஒருத்திதான்” என்றான் கணவன், வீட்டுக்குப் போகும் வழியெல்லாம்.

அன்றிலிருந்து அவளுக்குப் புதிதாக ஒரு பயம் பிடித்துக்கொண்டது. நிதிக்காரர்கள் வானத்திலிருந்து நிலத்தைப் படம் எடுக்கிறார்கள் என்று ஆய்வாளர் சொல்லியிருந்தாள். வயலில் இறங்கினால் முதலில் அண்ணாந்து பார்ப்பாள். யாராவது வரப்பில் குப்பையைப் போட்டால் ஓடிப்போய்ப் பொறுக்குவாள். “தலையைச் சீவிட்டுப் போடி, போட்டோல லட்சணமா விழுவே” என்பான் கணவன்.

ஆனாலும் வேலை நடந்தது. குழிகளைச் சமன் செய்து, வடிகால் வெட்டி, சாணமும் மக்கிய குப்பையும் கொட்டினார்கள். பசுந்தாள் செடிகளை விதைத்து, பூக்கிற நேரத்தில் அப்படியே மடக்கி உழுதார்கள். அந்த வருடங்களில் விற்க எதுவும் விளையாது. நிதிப் பணம்தான் சாப்பாடு. மெல்ல மெல்ல மண்ணின் வெளுப்பு போய், ஈரமான தேயிலைத் தூள் மாதிரி ஒரு நிறம் வந்தது. ஒருநாள் மண்ணைக் கிளறியபோது ஒரு மண்புழு நெளிந்தது. பயந்து கையை உதறினாள். பிறகு உட்கார்ந்து, அது மறுபடி மண்ணுக்குள் போகும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அடுத்த தவணை வரவில்லை. விதைப்புக்கு முன்னால் வர வேண்டியது, விதைத்து முளைத்த பிறகும் வரவில்லை. இங்கே கேட்டால் வெளிநாட்டு வங்கி என்றார்கள், அங்கே கேட்டால் இங்கிருந்து ஏதோ தாள் வரவில்லையாம். கடைக்குப் போனால், குழாயடிக்குப் போனால் எல்லாரும் இவளைத்தான் கேட்டார்கள். கொழுந்தன் தினமும் வந்தான். கூலி வேலைக்காரன். அவன் மனைவிக்கு முதல் பிரசவம் நெருங்கிக்கொண்டிருந்தது, உடம்பில் ஏதோ சிக்கல், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லியிருந்தார்கள்.

“எப்ப அண்ணி வரும்?”

“வந்துரும் தம்பி. கேட்டிருக்கேன்.”

ஒரு கட்டத்தில் அவன் வருவது நின்றுவிட்டது. அது அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

ஒரு மத்தியானம் எடைமேடையில் ஒரு லாரி ஏறியது. வழக்கம்போல் நெஞ்சு நின்று ஓடியது. நிமிர்ந்து பார்த்தாள். நெஞ்சு மறுபடி நின்றது. பாரத்தின் மேல் பக்கம் கறுப்பாக இருந்தது. பாதி மக்கிய தண்டுகளும் வேர்களும் லாரியின் ஓரத்தில் தலைகீழாகத் தொங்கின. அந்த வட்டாரத்தில் இப்படி மண் வேறு எங்கும் கிடையாது. பொத்தானுக்கு நீட்டிய விரல் அந்தரத்தில் நின்றது.

“என்னக்கா, சீட்டு குடுங்க” என்றான் ஓட்டுநர்.

“எங்க இருந்து வருது இது?”

அவன் சாலையைப் பார்த்தான். “முதலாளி சொன்ன இடத்துல இருந்து.”

அவள் பொத்தானை அழுத்தினாள். சீட்டு வந்தது. கிழித்துக் கொடுத்தாள். சற்று நேரத்தில் இன்னொரு லாரி. அதற்கும் கொடுத்தாள். வேலை முடிந்ததும் வயலுக்கு ஓடினாள். கொழுந்தன் பங்கின் கடைசி மூலையில், வெட்டிய கேக் மாதிரி நேர்க்கோடாக ஒரு பள்ளம். வரப்பை நசுக்கிக்கொண்டு டயர் தடம் போயிருந்தது. முதல் காரியமாக அவள் வானத்தைப் பார்த்தாள்.

கொழுந்தன் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தான். இவளைக் கண்டதும் எழுந்திருக்கவில்லை.

“ஒரு மூலைதான் அண்ணி.”

“தம்பி, மொத்தப் பேர் தலையிலயும் விடியுமே…”

“ஆஸ்பத்திரியில முன்பணம் கேட்டாங்க. நீங்கதானே தலைவி? எங்க உங்க பணம்?” சத்தம் போட்டுக் கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. மெதுவாகக் கேட்டான். உள்ளே அவன் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கும் ஓசை கேட்டது.

தொகுதிக்காரர்கள் கூடிப் பேசினார்கள். கொழுந்தனைத் திட்டித் தீர்த்தார்கள். திட்டி முடித்ததும், பள்ளத்தில் வைக்கோலும் சாணமும் போட்டு நிரப்பிவிட்டு, ஆய்வாளர் வந்தால் “எருக்குழி” என்று சொல்லிவிடுவது என்று முடிவானது. சொல்ல வேண்டியது தலைவி.

“ஒரே ஒரு வார்த்தைம்மா. எருக்குழி. அவ்வளவுதான்.”

வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தாள். கண்ணாடியில் இருந்தவளே நம்பவில்லை. “உன்ன நம்பிப் பொய்யைக் குடுத்தது, ஓட்டைக் குடத்துல தண்ணி பிடிச்ச கதைதான்” என்றான் கணவன். ஆனால் அவனும் இந்தமுறை சிரிக்கவில்லை.

ஆய்வுக்கு முந்தின நாள் சூளைக்காரர் எடைமேடைக்கு வந்தார். அவர் அந்த அறைக்குள் வருவதே அபூர்வம். இருந்த ஒரே நாற்காலியை அவள் விட்டுக்கொடுத்து நின்றாள். அவர் உட்கார்ந்து, மேசையில் இருந்த சீட்டுக் கட்டை விரலால் தட்டிக்கொண்டே பேசினார்.

“நாளைக்கு அந்தப் பொண்ணு வருதாமே?”

“ஆமாங்கய்யா.”

“நல்லாச் சுத்திக் காட்டு. வெயில்ல வருது, மோர் கீர் குடு. நம்ம வண்டி போன வந்த கதையெல்லாம் அதுக்கு எதுக்கு?” எழுந்தவர் வாசலில் நின்றார். “உன் வீட்டுக்காரன் இப்ப மலை ரோட்டுலதானே ஓட்டறான்? மோசமான ரோடும்மா அது. பாத்துப் போகச் சொல்லு.”

அவர் கார் போன பிறகும் அவளால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. அவர் உட்கார்ந்திருந்த இடம் அது.

மறுநாள் ஆய்வாளர் வந்தாள். ஒரு இரும்புக் குழாயை மண்ணில் இறக்கி, உருவி, அதில் வந்த மண்ணைப் பையில் போட்டுக்கொண்டே வயல் வயலாக நடந்தாள். தொகுதிக்காரர்கள் கல்யாண வீட்டுக் கூட்டம் மாதிரி பின்னாலேயே போனார்கள். கடைசி மூலை வந்தது.

“இது என்னக்கா?”

எல்லார் கண்ணும் இவள் மேல். கொழுந்தன் தூரத்தில் வரப்பில் நின்றான்.

“எரு…” என்று ஆரம்பித்தாள். அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். “மண்ணை எடுத்துட்டாங்க மேடம். சூளைக்குப் போச்சு. நான்தான் எடை போட்டுக் குடுத்தேன்.”

பின்னால் யாரோ ‘ச்சே’ என்றார்கள். ஆய்வாளர் அவள் பக்கத்தில் குந்தினாள். போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினாள். மேலிருந்து எடுத்த படம். பச்சைக் கட்டங்கள், ஒரு மூலையில் மட்டும் காவி நிறத்தில் ஒரு தழும்பு.

“இது மேலிடத்துக்கு முன்னாடியே போயிடுச்சுக்கா. நீங்க எருக்குழின்னு சொல்லி, நானும் அப்படியே எழுதியிருந்தா, என் வேலை போயிருக்கும்.” அவள் குரலும் நடுங்கியது. அப்போதுதான் திடுக்குக்குத் தெரிந்தது, இந்தப் பெண்ணும் தன்னைப் போல் ராத்திரி தூங்காமல்தான் வந்திருக்கிறாள் என்று. “இப்ப உண்மையை எழுதினா உங்க எல்லாருக்கும் என்ன ஆகும்னு தெரியுமா?”

“தெரியும்.” ஆரம்பித்த வாய் நிற்கவில்லை. “அப்படின்னா இதையும் எழுதுங்க. விதைக்கறதுக்கு முன்னாடி வர வேண்டிய பணம் இன்னும் வரல. வந்திருந்தா அவன் மண்ணைத் தொட்டிருக்க மாட்டான். அவ்வளவு ஒசரத்துல இருந்து குழி தெரியுதே, அவன் வீட்டுல அடுப்பு எரியாதது தெரியலயா?”

சொல்லி முடித்ததும் தான் பேசியதைக் கேட்டே பயந்து வாயைப் பொத்திக்கொண்டாள். ஆய்வாளர் எழுதிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள்தான் அவள் வாழ்க்கையிலேயே மோசமானவை. குழாயடியில் இவள் குடத்தை வைத்தால் மற்றவர்கள் தங்கள் குடத்தைத் தள்ளி வைத்தார்கள். “ஊமையாப் பொறந்திருந்தா ஊருக்கு நல்லதா இருந்திருக்கும்” என்று காதுபடப் பேசினார்கள். ஒருநாள் எடைமேடைக்குப் போனால், கதவில் புதுப் பூட்டு. யாரும் எதுவும் சொல்லவில்லை. பூட்டே சொல்லிவிட்டது. கணவன் வண்டியில் வந்து கூட்டிப்போனான். “போகட்டும் விடு, இனிமே உனக்கு மேசை ஆடாது” என்றான். சூளைக்காரர் சொன்னதை இவள் சொன்ன நாளிலிருந்தே அவன் மலைச்சாலையை விட்டுவிட்டு, சுற்று வழியில் ஓட்டிக்கொண்டிருந்தான் என்பதை அவள் வெகுநாள் கழித்துத்தான் தெரிந்துகொண்டாள். அவனுக்கும் பயம் இருந்திருக்கிறது. அவளிடம் சொல்லத்தான் பயம். அவன் வீடு திரும்பும் நேரம் கொஞ்சம் தப்பினாலும், அவள் தெருமுனைக்கும் வாசலுக்குமாக நடந்து கால் ஓய்ந்துபோவாள்.

கொழுந்தனுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். இவளுக்குச் சொல்லி அனுப்பவில்லை. மருந்துக் கடைக்காரி சொல்லித்தான் தெரியும். ஆஸ்பத்திரிக்குப் போனாள். அறை வாசல்வரை போய், உள்ளே கொழுந்தன் குரல் கேட்டதும் கால் வரவில்லை. வாங்கிப்போன குழந்தைத் துணிகளை நர்ஸிடம் கொடுத்து, “யார் குடுத்தாங்கன்னு சொல்ல வேண்டாம்மா” என்று திரும்பிவிட்டாள்.

ஒருநாள் ஆய்வாளர் போனில் கூப்பிட்டாள். நிதிக்காரர்கள் கூட்டம் போடுகிறார்களாம், திரையில். தலைவி பேச வேண்டுமாம்.

அதே பள்ளிக்கூடத்து அறை. மடிக்கணினியில் கட்டம் கட்டமாக முகங்கள். சில கட்டங்களில் பகல், சில கட்டங்களில் இருட்டு. ஒரு மொழிபெயர்ப்பாளர் மட்டும் தமிழில் பேசினார். இவள் வயலில் சொன்னதையே மறுபடி சொன்னாள், இந்தமுறை இன்னும் திக்கித் திக்கி. முடித்ததும் ஒரு கட்டத்திலும் அசைவு இல்லை. திரை நின்றுபோய்விட்டதோ என்று நினைத்தாள். அப்போது ஒரு மூலைக் கட்டத்தில், பின்னால் ஒரு கழுதை நின்றுகொண்டிருக்க, வெயிலில் கறுத்த ஒரு பெண் கையைத் தூக்கினாள். வேறு ஏதோ நாட்டுத் தொகுதிக்குத் தலைவியாம். வேகமாக ஏதோ சொன்னாள்.

“அவங்களுக்கும் பணம் லேட்டாத்தான் வந்துச்சாம்” என்றார் மொழிபெயர்ப்பாளர். “ஆனா சொல்லப் பயமா இருந்துச்சாம்.”

இன்னொரு கட்டத்தில் இன்னொரு கை உயர்ந்தது.

முடிவு வரச் சில வாரங்கள் ஆயின. தொகுதியை நீக்கவில்லை. கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. ஆனால் பள்ளத்தைத் தொகுதிக்காரர்களே தங்கள் உழைப்பில் நிரப்ப வேண்டும். அதுவரை கொழுந்தனுக்குத் தவணை கிடையாது. மற்றவர்களுக்கு மட்டுமல்ல, இனிமேல் எல்லா நாட்டுத் தொகுதிகளுக்கும் விதைப்புக்கு முன்பே பணம் வந்துசேரும். நின்றுபோயிருந்த பணம் அந்த வாரமே வந்தது. ஆய்வாளர் வரவில்லை. அவளுக்குப் பதிலாக வேறொருவர் வந்தார். அவளை எங்கே மாற்றினார்கள், அது தண்டனையா பதவி உயர்வா என்று கேட்க இவளுக்குத் தைரியம் இல்லை.

ஏரி வற்றியிருந்த சமயம். அடியில் படிந்த வண்டல் மண்ணை எடுத்து வந்து பள்ளத்தை நிரப்பலாம் என்றார் புதியவர். முதல் நாள் இவளும் கணவனும் மட்டும் கூடை சுமந்தார்கள். அடுத்த நாள் குழாயடிப் பெண்கள் இரண்டு பேர் வந்தார்கள், இவள் முகத்தைப் பார்க்காமல். பிறகு எல்லாரும் வந்தார்கள். பணம் வந்தால் மனமும் இளகும்தானே. கொழுந்தன் பள்ளத்துக்குள் நின்று கொட்டிய மண்ணைப் பரப்பினான். அவள் கூடை வரும்போதெல்லாம் குனிந்துகொண்டான்.

அவளுக்கு மார்க்கெட்டில் காய்கறி மொத்தக் கடையில் வேலை கிடைத்தது. அங்கே மூட்டைகளை நிறுக்கிற தராசு முனகாது. ஆனாலும் லாரி ரிவர்ஸ் எடுக்கிற சத்தத்துக்குத் திடுக்கிடுவாள். சூளைக்காரரின் கார் கடைப்பக்கம் வந்தால் மூட்டைகளுக்குப் பின்னால் போய்விடுவாள். அவர் அதற்கப்புறம் ஒன்றும் செய்யவில்லை. வேறு ஊரில் மண் பார்த்துக்கொண்டார் என்று கேள்வி. அவர் ஒன்றும் செய்யாததே அவளுக்கு ஒரு பயம்.

பள்ளத்தை நிரப்பிய மூன்றாம் வருடம் நல்ல மழை. தண்ணீர் தேங்காமல் மண்ணுக்குள் இறங்கியது. முதல்முறையாக விற்பதற்கென்று பயறு விதைத்திருந்தார்கள். செடி முழங்காலைத் தாண்டி நெருக்கமாக வந்திருந்தது. தவளை வந்தது, எலி வந்தது, அவற்றைத் தேடிக்கொண்டு பாம்பும் வந்தது. கணவன் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து, கையை அகல விரித்து நீளம் காட்டினான். அதைக் கேட்ட நாளிலிருந்து அவள் வயலுக்குள் கால் வைக்கவில்லை. வரப்பு ஓரத்தில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு வந்துவிடுவாள்.

ஒருநாள் அப்படி நின்றுகொண்டிருக்கும்போது, பக்கத்து வயலிலிருந்து கொழுந்தன் வந்தான். தோளில் அவன் மகள், கையில் ஒரு கம்பு. இரண்டு வருடமாகப் பேசாதவன். அவள் திரும்பிப் போய்விடலாமா என்று பார்த்தாள். அவன் குழந்தையை இறக்கி அவள் இடுப்பில் வைத்தான். கம்பால் தரையைத் தட்டிக்கொண்டே செடிகளுக்கு நடுவில் இறங்கினான்.

“நான் முன்னாடி போறேன். என் கால் வெச்ச இடத்துலயே கால் வெச்சு வாங்க அண்ணி.”

அவள் குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நடுங்கிக்கொண்டே, அவன் பின்னால் இறங்கினாள்.